'செம'ன்னு சொன்ன அப்புறம் என்ன? ஹிப் ஹாப் வீடியோ பார்க்க ஒரு சின்னப் பாடம்

ஒரு புது ராப் வீடியோ வருது. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் ஒரே போனைச் சுத்தி உட்கார்ந்து பார்க்கிறீங்க. முடிஞ்சதும் ஒருத்தன் 'செம'ங்கிறான், இன்னொருத்தன் 'வேற லெவல்'ங்கிறான், மூணாவது ஆள் அதுக்குள்ள அடுத்த வீடியோவைப் போட்டாச்சு. நாலு பேருக்கும் ஏதோ ஒண்ணு நடந்திருக்கு. என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் சொல்ல வரலை.

மல்டிமீட்டர் முள் அசைஞ்சா லேப்ல நாம அதோட விட்டுடறதில்லை. எந்தப் புள்ளியில, எந்த சிக்னலால அசைஞ்சதுன்னு தேடுவோம். ரியாக்ஷனும் அந்த முள் மாதிரிதான். சிரிப்பு வந்தது, சிலிர்த்தது, தொண்டை அடைச்சது, எரிச்சல் வந்தது, இதெல்லாம் ரீடிங். அதுக்குக் காரணமான சிக்னல் அநேகமா ஃபிரேமுக்குள்ளயோ பீட்டுக்குள்ளயோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிறது எப்படிங்கிறதுதான் இந்தப் பாடம். ஐந்து அமெரிக்க ஹிப் ஹாப் வீடியோக்களை வெச்சுப் பார்க்கலாம். அஞ்சுமே எனக்கு ரொம்பப் பிடிச்சவை, அதனால நடுநிலையான விமர்சனம்னு இதை எடுத்துக்க வேண்டாம். ஒரு ரசிகன் தன் ரியாக்ஷனைப் பிரிச்சுப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

முறை: மூணு ரவுண்ட்

முதல் ரவுண்ட்: சும்மா பாருங்க. எந்த இடத்துல உங்களுக்கு ஏதாவது ஆச்சோ, அந்த நிமிஷத்தையும் செகண்டையும் மட்டும் குறிச்சுக்குங்க.

இரண்டாவது ரவுண்ட்: மியூட் பண்ணிப் பாருங்க. கேமரா எங்க நிக்குது, யார் நகர்றாங்க, எப்போ கட் ஆகுது, பின்னாடி என்ன நடக்குதுன்னு கவனிங்க.

மூன்றாவது ரவுண்ட்: கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. படம் இல்லாம பாட்டு மட்டும் என்ன செய்யுது?

இப்போ முதல் ரவுண்டுல குறிச்ச இடத்துக்குத் திரும்பிப் போங்க. மியூட்லயும் அதே உணர்வு வந்தா காரணம் படம். கண்ணை மூடியும் வந்தா காரணம் ஒலி. தனித்தனியா ரெண்டுலயும் வராம, சேர்ந்தா மட்டும் வருதுன்னா, அங்கதான் அந்த வீடியோவோட உண்மையான வேலை இருக்கு.

1. ஒரு சுவர்: 'வாக் திஸ் வே'

ரன்-டிஎம்சி குழுவும் ஏரோஸ்மித் ராக் குழுவும் சேர்ந்து 1986-ல் செய்த பாட்டு. மூலப் பாட்டு ஏரோஸ்மித்தோடது, 1975-ல் வந்தது. வீடியோவின் கதையை ஒரு வரியில சொல்லிடலாம். பக்கத்துப் பக்கத்து ரூம்ல ரெண்டு குழுவும் வாசிக்கிறாங்க, ஒருத்தர் சத்தம் இன்னொருத்தருக்குத் தொல்லை, நடுவுல ஒரு சுவர். ஏரோஸ்மித் பாடகர் ஸ்டீவன் டைலர் மைக் ஸ்டாண்டால அந்தச் சுவரை இடிச்சு, ஓட்டை வழியா இந்தப் பக்கம் தலையை நீட்டிப் பாடுறார். கடைசியில ரெண்டு குழுவும் ஒரே மேடையில.

என் ரியாக்ஷன் அந்தத் தலை வெளியே வர்ற செகண்ட்ல. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருது. மியூட்லயும் வருது. அப்போ காரணம் படம்தான். பக்கத்து வீட்டுச் சண்டையை நாம எல்லாருமே பார்த்திருக்கோம், அதனால அந்தச் சுவருக்கு விளக்கம் தேவைப்படலை.

ஆனா அந்தக் காலத்தைத் தெரிஞ்சுக்கிட்டா சுவருக்கு இன்னொரு அர்த்தம் கிடைக்குது. எம்டிவி 1981 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. ஆரம்ப வருஷங்கள்ல ராக் பாட்டுதான் அதிகம், கறுப்பினக் கலைஞர்களுக்கு இடம் ரொம்பக் குறைவு. 1983-ல் பாடகர் டேவிட் போவி அதே சேனலுக்குக் கொடுத்த பேட்டியிலேயே அதைப் பத்திக் கேள்வி கேட்டார். அந்த நிலைமையில, ராக் ரசிகனுக்கும் ராப்புக்கும் நடுவுல நின்ன சுவரை நிஜச் சுவராவே செட் போட்டு, டிவியில உடைச்சுக் காட்டினாங்க. பாட்டு பில்போர்டு ஹாட் 100 பட்டியல்ல 4-வது இடம் வரைக்கும் போச்சு. ராப் நிகழ்ச்சின்னே தனியா 'யோ! எம்டிவி ராப்ஸ்' அமெரிக்காவுல 1988-ல் தொடங்கினது. அந்த ஒரு வீடியோதான் எல்லாத்தையும் மாத்திச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா சிரிக்க வெச்ச அந்த செகண்ட்லயே ஒரு வாதமும் இருந்திருக்கு.

இங்க கத்துக்க வேண்டியது: செட்டைப் பாருங்க. அது பாட்டுக்குப் பின்னாடி நிக்கிற அலங்காரம் மட்டும்தானா, இல்ல அதுவே ஏதாவது பேசுதா?

2. ஒரு லென்ஸ்: 'தி ரெயின்'

மிஸ்ஸி எலியட், 1997. இயக்கம் ஹைப் வில்லியம்ஸ். காத்து நிரப்பின பளபளப்பான கறுப்பு உடையில, பலூன் மாதிரி உருண்டையா அவர் நிக்கிற காட்சியை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. முதல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து செகண்ட்ல சிரிப்பு நின்னுடுச்சு. ஆனா கண்ணை எடுக்க முடியலை. ஏன்?

மியூட் ரவுண்டுல பதில் கிடைக்குது. இதை எடுத்தது ஃபிஷ் ஐ லென்ஸ்ல. ஃபோகல் லெங்த் ரொம்பக் குறைவு, பார்வைக் கோணம் ரொம்ப அகலம். அதனால நேர்கோடு வளையும், லென்ஸுக்குக் கிட்ட இருக்கிற பொருள் ஊதிப் பெருசாத் தெரியும், ஓரமா இருக்கிறது சுருங்கிப் பின்னாடி போகும். ஏற்கெனவே காத்தடைச்ச உடை, அதை இன்னும் பெருசாக்குற லென்ஸ். ரெண்டும் சேர்ந்து ஃபிரேம் முழுக்க அவர்தான். அறையோட சுவரே அவரைச் சுத்தி வளையுது.

அந்தக் கால ராப் வீடியோக்கள்ல நிறைய இடத்துல பெண்களுக்கு என்ன வேலைன்னு யோசிச்சுப் பாருங்க. பாடறவர் பக்கத்துல, காருக்குப் பக்கத்துல, நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல நிக்கிறது. உடம்பு தெரியணும், முகம் யாருக்கும் ஞாபகம் இருக்கத் தேவையில்லை. 'தி ரெயின்' அதை அப்படியே திருப்பிப் போடுது. உடம்போட வடிவமே தெரியாத ஒரு உடை. ஆனா இங்க எல்லாமே அந்தப் பெண்ணைச் சுத்தித்தான் நடக்குது. 'என்னை எப்படிப் பார்க்கணும்னு நான் முடிவு பண்றேன்'ங்கிறதை ஒரு வார்த்தை பேசாம ஒரு லென்ஸும் ஒரு உடையும் சொல்லிடுது. என் சிரிப்பு பத்து செகண்ட்ல நின்னதுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன். கேலிச் சிரிப்புக்கு அங்க வேலையே இல்லை.

கண்ணை மூடிக் கேட்டா இன்னொண்ணு பிடிபடும். டிம்பலண்டோட பீட்ல இடைவெளி நிறைய. ஆன் பீபிள்ஸ் 1973-ல் பாடின மழைப் பாட்டு ஒண்ணோட துண்டு நடுவுல வந்து வந்து போகுது. மிஸ்ஸி அவசரமே படாம, சாவகாசமா, அந்த இடைவெளிகள்ல பேசுறார். படத்துல எவ்வளவு இடத்தை அடைச்சுக்கிறாரோ, ஒலியில அவ்வளவு இடத்தைக் காலியா விடுறார்.

3. தலைகீழ் உச்சரிப்பு: 'ட்ராப்'

இது நம்ம ஆளுங்களுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கும். தி ஃபார்சைட் குழு, 1995-ல் வந்த அவங்க ஆல்பத்துல உள்ள பாட்டு, பீட் ஜே டில்லா, வீடியோ இயக்கம் ஸ்பைக் ஜோன்ஸ். பார்க்க ஆரம்பிச்சதுமே ஏதோ சரியில்லைன்னு தோணும். உதடு பாட்டோட சரியாப் பொருந்துது. ஆனா நடை, துணி, கை வீச்சு எல்லாம் விநோதமா இருக்கு. காரணம் இதுதான்: படம் பிடிச்சதைக் கடைசியிலிருந்து முன்னாடி ஓட விட்டிருக்காங்க. அப்படி ஓட விட்டும் உதடு பொருந்தணும்னா, படம் எடுக்கும்போதே பாட்டைத் தலைகீழா உச்சரிச்சிருக்கணும். அவங்க நிஜமாவே ஒரு மொழியியலாளர் உதவியோட அந்த உச்சரிப்பைப் படிச்சு, மனப்பாடம் பண்ணிப் பாடியிருக்காங்க.

இது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுக்கத் தமிழ்லயே ஒரு சோதனை செய்யலாம். 'பாடல்'ங்கிற சொல்லைத் தலைகீழாச் சொல்லுங்க. எழுத்தைத் திருப்பிப் போட்டா 'ல்டபா'ன்னு வரும். அது தப்பு. ஒலி அப்படித் திரும்பாது. 'பா'ங்கிறது ஒரு எழுத்து, ஆனா ரெண்டு ஒலி: ப், அப்புறம் ஆ. உயிர்மெய்யைப் பிரிச்சு எழுதினா ப், ஆ, ட், அ, ல். இதைப் பின்னாலிருந்து படிச்சா ல், அ, ட், ஆ, ப். அதாவது 'லடாப்'. இதே மாதிரி 'அம்மா' தலைகீழானா 'ஆம்ம'. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின உயிர், மெய், உயிர்மெய் இங்க நேரா வேலைக்கு வருது.

போன்ல 'லடாப்'னு ரெகார்ட் பண்ணுங்க, ஆடாசிட்டியில போட்டு ரிவர்ஸ் எஃபெக்ட் கொடுங்க. கிட்டத்தட்ட 'பாடல்'னு கேட்கும், ஆனா கொஞ்சம் விழுங்கின மாதிரி இருக்கும். ஏன்னா 'ப்' சொல்லும்போது உதடு மூடி, காத்து அடைஞ்சு, டக்குனு வெடிக்குது. நேரத்தைத் திருப்பினா அந்த வெடிப்பும் திரும்பிடுது. வேவ்ஃபார்மைப் பெருசாக்கிப் பார்த்தா கண்ணுக்கே தெரியும். ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு. அவங்க முழுப் பாட்டையும், தெருவுல நடந்துக்கிட்டே, பீட்டுக்குத் தப்பாம செஞ்சிருக்காங்க.

இதோட ரியாக்ஷன் எனக்கு ரெண்டு கட்டமா வந்தது. முதல்ல வெறும் 'அட!'. எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்ச அப்புறம் மரியாதை. மேஜிக்கோட ரகசியம் தெரிஞ்சா சுவாரசியம் போயிடும்னு சொல்லுவாங்க. இங்க நேர்மாறா நடந்தது.

4. மிதக்கிற மனுஷன்: 'ஆல்ரைட்'

இனிமே வர்ற ரெண்டும் கனமானவை.

கென்ட்ரிக் லமார், 2015. கிட்டத்தட்ட 7 நிமிஷ வீடியோ, முழுக்கக் கறுப்பு வெள்ளை. இயக்கம் காலின் டில்லியும், கென்ட்ரிக்கும் டேவ் ஃப்ரீயும் சேர்ந்து வெச்சிருக்கிற 'தி லிட்டில் ஹோமீஸ்' ஜோடியும். ஒரு கார்ல நாலு கறுப்பின இளைஞர்கள் உட்கார்ந்து ராப் பண்றாங்க. கேமரா நகர்ந்ததும் தெரியுது: அந்தக் கார் ரோட்ல ஓடலை, நாலு போலீஸ்காரங்க அதைத் தோள்ல தூக்கிட்டுப் போறாங்க. நம்ம ஊர்ல சாமியைப் பல்லக்குல தூக்கிப் பார்த்தவங்களுக்கு அந்த ஷாட் உடனே புரியும். அதே தோள்ல தூக்கித்தான் பாடையும் போகும்ங்கிறதும் நமக்குத் தெரியும். ரெண்டு நினைப்பும் ஒண்ணா வந்தது எனக்கு. எது சரின்னு வீடியோ சொல்லலை.

அப்புறம் கென்ட்ரிக் நகரத்துத் தெருக்கள்ல தரையில கால் படாம மிதந்து போறார். எனக்குச் சிலிர்த்த இடம் அது. மியூட்ல பார்த்தேன், வந்தது. கண்ணை மூடிக் கேட்டேன், கொஞ்சம் குறைவா வந்தது. ரெண்டும் சேர்ந்தப்போதான் முழுசா வந்தது. 'எல்லாம் சரியாகும்'னு பாட்டு திரும்பத் திரும்பச் சொல்லுது. அதை வாயால மட்டும் சொன்னா ஆறுதல். புவியீர்ப்பையே மீறி ஒருத்தர் மிதக்கும்போது சொன்னா அதுக்கு ஒரு பிடிவாதம் வந்துடுது.

கடைசியில அவர் உயரமான விளக்குக் கம்பத்து மேல நிக்கிறார். கீழ ஒரு போலீஸ்காரர் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிச் 'சுடுறார்'. கையில துப்பாக்கி இல்லை, விரல்தான். ஆனாலும் ரத்தம் வருது, கென்ட்ரிக் மெதுவா, ரொம்ப மெதுவாக் கீழ விழுறார். தரையில கிடந்து கண் திறந்து சிரிக்கிறார்.

அந்த விரல் ஏன் அவ்வளவு வலிக்குதுன்னா, அதுக்கு ஒரு காலம் இருக்கு. 2014 ஜூலையில நியூயார்க்கில் எரிக் கார்னர், ஆகஸ்ட்ல ஃபெர்குசன் நகர்ல மைக்கேல் பிரவுன். ரெண்டு பேருமே கறுப்பினத்தவர், கையில ஆயுதம் இல்லாதவங்க, போலீஸ் கையால இறந்தவங்க. நாடு முழுக்கப் போராட்டம் நடந்துச்சு. 2015 ஜூலையில கிளீவ்லண்ட்ல நடந்த ஒரு போராட்டத்துல மக்கள் இந்தப் பாட்டோட பல்லவியையே கோஷமாப் பாடினாங்க. நாம ஹெட்போன்ல கேட்கிற அதே வரியை, போலீஸ் முன்னாடி நின்னுக்கிட்டு அவங்க பாடியிருக்காங்க.

5. தேர்வு: 'திஸ் இஸ் அமெரிக்கா'

2018 மே 5-ம் தேதி வந்தது. சைல்டிஷ் கேம்பினோங்கிற பேர்ல பாடின டொனால்ட் குளோவர், இயக்கம் ஹிரோ முராய், நடன அமைப்பு ஷெரி சில்வர். பில்போர்டு ஹாட் 100-ல் நேரா முதலிடத்துல நுழைஞ்சது. 2019 கிராமி விழாவுல 'சாங் ஆஃப் தி இயர்', 'ரெக்கார்ட் ஆஃப் தி இயர்' ரெண்டையும் வாங்கின முதல் ராப் பாட்டு இதுதான். சிறந்த மியூசிக் வீடியோ விருதும் இதுக்குத்தான்.

ஒரு பெரிய காலிக் கிடங்கு. இதமான கிட்டார், கோரஸ். சட்டையில்லாம குளோவர் ஆடிக்கிட்டே வர்றார். திடீர்னு துப்பாக்கியை எடுத்து, தலையில சாக்கு மூடி உட்கார்ந்திருக்கிற ஒருத்தரைச் சுடுறார். அந்த நொடியிலேயே பாட்டும் மாறி, கனமான ட்ராப் பீட் ஆகிடுது. ஸ்கூல் யூனிஃபார்ம்ல பிள்ளைங்க வந்து சேர்றாங்க. தென்னாப்பிரிக்காவோட குவாரா குவாரா மாதிரி ஸ்டெப்ஸ். ஆட்டம் அவ்வளவு அழகு, நம்ம காலும் ஆட ஆரம்பிச்சுடும்.

இதுக்கு மட்டும் நாலாவதா ஒரு ரவுண்ட் உண்டு. ஸ்கிரீன் நடுவுல குளோவர் இருக்கிற இடத்தை உள்ளங்கையால மறைச்சுக்குங்க. அவர் நகரும்போது கையையும் நகர்த்துங்க. பின்னாடி மட்டும் பாருங்க. ஜனங்க ஓடுறாங்க, அடிதடி நடக்குது, கார் எரியுது, வெள்ளைக் குதிரையில ஒருத்தர் கடந்து போறார், மேல உட்கார்ந்து சில பசங்க போன்ல எல்லாத்தையும் படம் பிடிக்கிறாங்க. எதுவும் ஒளிச்சு வைக்கலை. எல்லாம் வெட்டவெளிச்சமா ஓடிக்கிட்டே இருந்தது, நம்ம கண்தான் ஆட்டத்தோட போயிடுச்சு.

ரெண்டாவது தடவையா சுடும்போது எதிர்ல இருக்கிறது பாடிக்கிட்டிருக்கிற ஒரு தேவாலயக் கோரஸ். 2015 ஜூன்ல சார்ல்ஸ்டன் நகர்த் தேவாலயத்துல 9 பேரை ஒருத்தன் சுட்டுக் கொன்னான். வீடியோ அந்த ஊர்ப் பேரைச் சொல்லலை, ஆனா பார்த்த பலருக்கும் அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. முதல் தடவை சுட்ட அப்புறம் என்ன நடக்குதுன்னும் கவனிங்க. துப்பாக்கியை ஒரு பையன் சிவப்புத் துணியில பத்திரமா வாங்கிக்கிறான். செத்தவரைத் தரையில இழுத்துட்டுப் போறாங்க. எதுக்கு மரியாதை, எதுக்கு இல்லைன்னு சில செகண்ட்ல சொல்லியாச்சு.

எனக்கு இந்த வீடியோ முக்கியமானதுக்குக் காரணம் இதுதான். மத்த நாலு வீடியோவும் நமக்கு ஒரு ரியாக்ஷனைக் கொடுக்குது. இது நம்ம ரியாக்ஷனை எடுத்துத் தன்னோட ஒரு பாகமாவே ஆக்கிக்குது. ஆட்டத்தைப் பார்த்து நீங்க சிரிச்ச அந்தச் சிரிப்பு இல்லைன்னா வீடியோவே முழுசாகாது. கறுப்பின மக்களோட பாட்டும் ஆட்டமும் எல்லாருக்கும் வேணும், அவங்க பின்னாடி நடக்கிறது யாருக்கும் வேண்டாம். அப்படிப் பார்க்கிற கூட்டத்துல நாமளும் இருக்கோம். எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கோம்ங்கிறதால நமக்கு விலக்கு கிடைக்காது. 'வைப்' பிடிச்சு டீஷர்ட் வாங்குறோம், ஸ்டெப்பைக் கல்ச்சுரல்ஸ்ல ஆடுறோம், ரிங்டோன் வைக்கிறோம். அதெல்லாம் தப்புன்னு நான் சொல்ல வரலை. ஆனா கையால மறைச்சு ஒரு தடவையாவது பின்னாடி பார்த்துட்டு ஆடுறவனும், பார்க்காமலே ஆடுறவனும் ஒண்ணு இல்லை.

ஒரு நியாயமான கேள்வி

'பாட்டை ரசிக்க விடுங்கப்பா, இப்படிப் பிரிச்சு மேய்ஞ்சா சுகம் போயிடாதா?'ன்னு என் ரூம்மேட் கேட்டான். பாதி சரி. 'ட்ராப்'ல சுகம் கூடுச்சு. 'தி ரெயின்'லயும் கூடுச்சு. 'திஸ் இஸ் அமெரிக்கா'வை மட்டும் பழைய மாதிரி ரசிக்க முடியலைங்கிறது உண்மை. இப்பவும் பார்க்கிறேன், பிடிக்குது, ஆனா கால் ஆடுறதில்லை. அந்த வீடியோ கேட்டதும் அதுதான்னு நினைக்கிறதால, அதை நான் நஷ்டமா எழுதிக்கலை.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். எல்லா வீடியோவும் இந்த மூணு ரவுண்டைத் தாங்காது. வாடகைக் கார், தங்கச் சங்கிலி, நீச்சல் குளம், ஸ்லோ மோஷன்னு போறதை மியூட் பண்ணிப் பார்த்தா, கார் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கும். அதுவும் ஒரு ரிசல்ட்தான். பீட் நல்லா இருந்தா கண்ணை மூடிக் கேட்டுட்டுப் போங்க.

ஹோம்வொர்க்

இந்த வாரம் உங்களுக்குப் பிடிச்ச ஒரே ஒரு வீடியோவை எடுத்துக்குங்க. அமெரிக்க ராப்போ தமிழ் ராப்போ, எதுவா இருந்தாலும் சரி. மூணு ரவுண்ட் பாருங்க. அப்புறம் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க: 'இத்தனாவது செகண்ட்ல எனக்கு இது ஆச்சு, ஏன்னா ஃபிரேம்ல அல்லது பாட்டுல இது நடந்தது.' 'ஏன்னா'வுக்கு அப்புறம் 'செம', 'மாஸ்', 'வேற லெவல்' மூணுக்கும் தடை. எழுதினதை அதே வீடியோ பிடிச்ச இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. அவர் வேற ஒரு செகண்டைச் சொல்லுவார். அந்த செகண்டை ரெண்டு பேரும் சேர்ந்து, மியூட்ல, இன்னொரு தடவை ஓட விட்டுப் பாருங்க.